விழுப்புரத்து எஞ்சினும் பேரனின் பொம்மை இரயிலும்

பெரிய பொருளொன்றைச் சிறிய அளவில் செய்து வைப்பது குழந்தைகளின் விளையாட்டுக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பெரும்பாலோர் கருதுகிறோம். ஐம்பது வயதைக் கடந்த பின்னரும் நாமும் அவ்வாறே கருதியிருந்தோம். பெருநாள் விடுமுறைக்குக் கிளியனூர் வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன் கேட்ட ஒரு கேள்வி அக்கருத்தை மாற்றிற்று.

அவனுடைய தந்தை வளைகுடா நாட்டிலிருந்து ஒரு பொம்மை இரயில் வாங்கி அனுப்பியிருந்தார். கூடத்துத் தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் பொருத்தி, அதன்மேல் ஒரு கறுப்பு எஞ்சினையும் மூன்று பெட்டிகளையும் ஓடவிட்டுக்கொண்டிருந்தான். நாம் அருகில் அமர்ந்தோம். "நன்னா, நீங்கள் வேலூருக்கு ஓதப் போனீர்களே, அந்த வண்டியை இழுத்த எஞ்சின் இதுதானா?" என்றான். இல்லை, இது ஐரோப்பிய நாட்டு எஞ்சின், நம்முடையது வேறு என்றோம். "அப்படியானால் அந்த எஞ்சினையே வாங்கித் தாருங்கள்" என்றான்.

கடையில் கிடைக்காதா என்ன என்றெண்ணி வாக்களித்துவிட்டோம். அவ்வாக்கை நிறைவேற்ற ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த ஓராண்டில் நாம் கற்றவற்றை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது அந்த எஞ்சின்?

கிளியனூருக்கு இரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் இது. 1980களின் தொடக்கத்தில் வேலூரில் அரபி ஓதி வந்த நாம், திண்டிவனம் வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து இரயிலேறி, விழுப்புரத்தில் காட்பாடி வண்டிக்கு மாறுவது வழக்கம். திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம் ஆகிய நிலையங்களைக் கடந்து வேலூர் கண்டோன்மெண்டில் இறங்குவோம். அந்தப் பாதை தென்னிந்திய இரயில்வே கம்பெனியாரால் 1891ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பாதை அதற்கும் முந்தியது, 1879இல் திறக்கப்பட்டது. இவையனைத்தும் மீட்டர் பாதைகள். அதாவது, இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் சரியாக ஒரு மீட்டர்.

விழுப்புரத்திற்கு அக்காலத்தில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரையிலான மீட்டர் பாதை 1960களின் நடுவில் மின்மயமாக்கப்பட்டது. ஆகவே சென்னையிலிருந்து மின்சார எஞ்சினோடு வந்த வண்டிகள் விழுப்புரத்தில் எஞ்சின் மாறின. மின்கம்பி அவ்வூரோடு முடிந்தது. அதற்கப்பால் தெற்கிலும் மேற்கிலும் கரியும் தண்ணீரும் டீசலுமே ஆட்சி செய்தன. புதுமையும் பழமையும் ஒரே நடைமேடையில் கைமாற்றிக்கொண்ட காட்சியை நாம் நாள்தோறும் கண்டோம். ஆனால் அதன் அருமையை அன்று உணரவில்லை.

காட்பாடி வண்டியை இழுத்தது ஒய்.பி. வகை நீராவி எஞ்சின். ஒய் என்பது மீட்டர் பாதையையும், பி என்பது பயணிகள் வண்டியையும் குறிக்கும். சரக்கு வண்டிக்குரியது ஒய்.ஜி. எனப்பட்டது. ஒய்.பி. எஞ்சின்கள் 1949 முதல் 1970 வரை மொத்தம் 871 செய்யப்பட்டன. அமெரிக்காவின் பால்ட்வின், ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராஸ் மாஃபை ஆகிய தொழிற்சாலைகள் தொடக்கத்தில் செய்து அனுப்பின. பின்னர் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தின் டெல்கோ தொழிற்சாலை அவற்றை நம் நாட்டிலேயே செய்தது. முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெரிய சக்கரங்கள், பின்னே இரண்டு சக்கரங்கள். இதனோடு கரியும் நீரும் சுமக்கும் தொட்டி வண்டி. மொத்த நீளம் ஏறத்தாழ 19 மீட்டர். நடுவிலுள்ள பெரிய சக்கரத்தின் விட்டம் 1,372 மில்லிமீட்டர், அதாவது நான்கரை அடி.

இவ்வளவையும் இன்று எழுதுகிறோம். அன்றோ நமக்கு அது சாச்சாவின் எஞ்சின் என்பதொன்றே தெரியும். எம் தகப்பனாரின் இளவல், மர்ஹூம் ஆகிவிட்ட எம் சாச்சா, விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாகப் பணியாற்றினார். கரி படிந்த நீலச் சட்டையோடு நடைமேடைக்கு வந்து, தேநீரும் பன்னும் வாங்கித் தந்து, "வேலூரில் நன்றாக ஓது" என்று சொல்லிவிட்டு எஞ்சினை நோக்கி நடப்பார். ஒரு முறை வண்டி புறப்படுமுன் நம்மை எஞ்சின் மேடையில் ஏற்றி நிறுத்தினார். அடுப்பின் கதவைத் திறந்து காட்டினார். அந்த வெப்பம் நம் முகத்தில் அறைந்தது. கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் தெரிவதைச் சுட்டிக்காட்டி, "இது இறங்கினால் எல்லோருக்கும் ஆபத்து, என் கண் எப்போதும் இதன்மேல்தான் இருக்கும்" என்றார். அந்த மேடையில் நாம் நின்றது பத்து நிமிடங்கள்கூட இராது.

கடையில் ஏன் இல்லை?

நாம் கேட்ட பொம்மைக் கடைகள் எவற்றிலும் ஒய்.பி. எஞ்சின் இல்லை. புதுச்சேரியில் கேட்டோம், சென்னையிலும் கேட்டோம். மருமகன் தாம் பணிபுரியும் நாட்டில் விசாரித்தார். ஐரோப்பிய, அமெரிக்க, யப்பானிய எஞ்சின்களே எங்கும் கிடைத்தன. காரணத்தை ஆராய்ந்தபோது அது அளவைப் பற்றிய வரலாறாக விரிந்தது.

ஜெர்மனியில் கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் வகுத்த அளவுகளோடு கூடிய பொம்மை இரயிலை வைத்தனர். அதற்கு முன் ஒவ்வொருவர் செய்த பொம்மை இரயிலும் ஓர் அளவு. ஒருவர் எஞ்சின் மற்றவர் தண்டவாளத்தில் ஓடாது. வேலூர்ப் பாதை திறக்கப்பட்ட அதே ஆண்டில் இது நிகழ்ந்தது. இங்கிலாந்தில் ஹார்ன்பி இரயில்கள் 1920இல் வெளிவந்தன. இன்று உலகில் பெரிதும் வழங்கும் அளவு, மெய்யான எஞ்சினை 87இல் ஒரு பங்காகக் குறைப்பது. ஐரோப்பாவின் பெரும்பாலான பாதைகள் 1,435 மில்லிமீட்டர் அகலமுடையவை. அதை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.5 மில்லிமீட்டர் வரும். பேரனின் தண்டவாளத்தின் அகலம் அதுவே. நம்முடைய ஒரு மீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர்தான். ஆக, நம் எஞ்சின் கிடைத்திருந்தாலும் அவனுடைய தண்டவாளத்தில் அது நின்றிராது.

ஆயினும் சுவிட்சர்லாந்திலும் மலைப்பகுதிகளில் மீட்டர் பாதைகள் உண்டு. அவற்றுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் செய்து விற்கிறார்கள். அதனை மருமகன் வரவழைத்தார். இக்கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் நம் நினைவுக்கு வந்தது. 1900இல் தொடங்கி 1908இல் திமிஷ்கிலிருந்து மதீனா முனவ்வரா வரை எட்டிய ஹிஜாஸ் இரயில் பாதையின் அகலம் 1,050 மில்லிமீட்டர். இந்திய முஸ்லிம்களும் நன்கொடை வழங்கிய பாதை அது. 1,050ஐ 87ஆல் வகுத்தால் 12 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழையே மிகும். பேரனின் புதிய தண்டவாளம், நம் விழுப்புரத்துப் பாதையைக் காட்டிலும் ஹிஜாஸ் பாதைக்கே நெருக்கமான உருவமாக அமைந்தது! இதைச் சொன்னபோது அவன் ஹிஜாஸ் எஞ்சினும் வேண்டும் என்று கேட்டுவிடுவானோ என அஞ்சினோம். நல்வேளையாகக் கேட்கவில்லை.

மாதிரி முன், மெய் பின்

தண்டவாளம் வந்தது, எஞ்சின் வரவில்லை. இனிச் செய்துதான் ஆகவேண்டும். ஒரு பொம்மைக்காக இத்தனை பாடா என்று இல்லத்தார் கேட்டனர். நமக்குள்ளும் அக்கேள்வி இருந்தது. அதற்கு விடை வரலாற்றில் கிடைத்தது.

மெய்யான எஞ்சினைப் பார்த்துத்தான் மாதிரி செய்யப்பட்டது என்று எண்ணுகிறோம். உண்மை பெரும்பாலும் மறுதலையானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்கென வைத்திருந்த நியூகாமன் நீராவிப் பொறியின் சிறு மாதிரி பழுதாகிவிட்டது. அதனைச் சீர்செய்யும் வேலை 1763-64 குளிர்காலத்தில் கருவி செய்பவரான ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. அம்மாதிரி ஏன் இவ்வளவு நீராவியை வீணாக்குகிறது என்று அவர் சிந்தித்தார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் வேண்டும் என்ற எண்ணம் 1765இல் பிறந்தது. ஒரு மாதிரியின் குறையிலிருந்தே நீராவி யுகத்தின் பெரும்பொறி உருவாயிற்று. வில்லியம் மர்டாக் 1784இல் தானே ஓடும் நீராவி வண்டியின் சிறு மாதிரியைச் செய்து ஓட்டினார். ரிச்சர்டு டிரெவிதிக் முதலில் மாதிரிகளையே செய்தார். பின்னரே 1804ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அவருடைய எஞ்சின் தண்டவாளத்தின்மேல் சுமை இழுத்தது.

யப்பானின் வரலாறு இதனினும் வியப்பானது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி 1854இல் இரண்டாம் முறை யப்பான் சென்றபோது, மெய்யளவில் நான்கில் ஒரு பங்கான நீராவி எஞ்சினையும் ஒரு பெட்டியையும் பரிசாகக் கொண்டு சென்றார். யோக்கஹாமாவில் வட்டமாகப் பாதை அமைத்து அதை ஓட்டிக் காட்டினர். பெட்டிக்குள் ஆள் நுழைய இடமில்லாததால், யப்பானிய அதிகாரி ஒருவர் அதன் கூரைமேல் அமர்ந்து, அங்கி காற்றில் பறக்கச் சுற்றி வந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் நாகசாக்கியில் உருசியர் காட்டிய மாதிரியை சாகா நாட்டார் கண்டிருந்தனர். கண்டதோடு நில்லாமல் 1855இல் தங்கள் கையாலேயே ஓடும் எஞ்சின் மாதிரி ஒன்றைச் செய்து முடித்தனர். அப்பணியில் முன்னின்றவர்களுள் தனாக்கா ஹிசாஷிகே ஒருவர். 1872இல் யப்பானின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது.

அந்த வட்டப் பாதைக்கும் நம் விழுப்புரத்துக்கும் தொடர்பு உண்டு. தாம்பரம் விழுப்புரம் பாதையில் 1960களின் நடுவில் ஓடத் தொடங்கிய மின்சார எஞ்சின்கள் யப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் செய்தவை! கூரைமேல் அமர்ந்து பொம்மை வண்டியில் சுற்றியவர்களின் வழித்தோன்றல்கள் நூற்றுப்பத்து ஆண்டுகளில் நமக்கு எஞ்சின் செய்து அனுப்பினர்.

அளவைக் காத்தவர்கள்

மாதிரி செய்ய விருப்பம் மட்டும் போதாது, அளவு வேண்டும். இதை நன்கறிந்தவர் அல்ஜஸரி. தியார்பக்ரை ஆண்ட அர்துகி மன்னர்களிடம் பணிபுரிந்த அன்னார், 1206இல் (ஹிஜ்ரி 602) இயற்றி முடித்த கிதாபின் பெயரே ஒரு பாடமாகும்: 'அல்ஜாமிஉ பைனல் இல்மி வல்அமலின் நாஃபிஇ ஃபீ ஸினாஅத்தில் ஹியல்'. அறிவையும் பயன்தரும் செயலையும் பொறிக்கலையில் ஒன்றுசேர்ப்பது என்பது பொருள். ஐம்பது கருவிகளை உறுப்புறுப்பாகப் பிரித்து, படம் வரைந்து, அளவு சொல்லி, செய்முறையை வரிசையாக எழுதி வைத்தார். அதன் பயன் என்ன? லண்டனில் 1976இல் நடந்த உலக இஸ்லாமிய விழாவின்போது, அந்தக் கிதாபைக் கொண்டே அவருடைய நீர்க்கடிகாரம் மீண்டும் செய்து வைக்கப்பட்டது. 770 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பொருள் மீண்டது. ஏனெனில் அதன் அளவு காக்கப்பட்டிருந்தது.

நீராவியைப் பற்றியும் நம் முன்னோர் எழுதியுள்ளனர். திமிஷ்கில் பிறந்து இஸ்தான்புல்லில் வானாய்வுக்கூடம் கண்ட தகிய்யுத்தீன் 1551இல் எழுதிய நூலில், இறைச்சி வாட்டும் கம்பியை நீராவியின் வேகத்தால் தானே சுழலச் செய்யும் கருவியை விவரித்தார். ஆனால் அந்த அறிவு சமையற்கூடத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்குச் செல்லவில்லை. பெருமை பேசுவதற்கு மட்டும் இதைச் சொல்லி முடித்துவிடுதல் நேர்மையன்று. அமல் தொடராத இல்மு எங்கே நின்றுவிடும் என்பதற்கும் இது சான்றாகும்.

நம் தமிழகத்திலேயே அளவைக் காத்ததால் பயன் விளைந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. நீலகிரி மலை இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. பல்சக்கரம் பற்றி மலையேறும் அதன் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. அவை மூப்படைந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் அதே அமைப்பில் புதிய எஞ்சின்களை 2010களில் செய்து மலையேற்றினர். அயலார் செய்த பொறியை நூறாண்டு பழுதுபார்த்துப் பழகிய கைகள், அதனைப் புதிதாகவே படைக்கும் திறன் பெற்றன. மக்கள் அதைப் 'பொம்மை இரயில்' என்றே செல்லமாக அழைக்கின்றனர்!

செய்த கதை

நிற்க. நம் எஞ்சினுக்கு வருவோம். ஊருக்கு அண்மையிலுள்ள கடைசல் பட்டறைக்காரர் ஒருவர் செய்துதர ஒப்புக்கொண்டார். இரண்டு நிழற்படங்களைக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் பித்தளையில் பளபளவென்று ஓர் எஞ்சின் கொண்டுவந்தார். நமக்கு மிக்க மகிழ்ச்சி. அதனை எடுத்துக்கொண்டு, சாச்சாவோடு பணிபுரிந்து ஓய்வுபெற்ற விழுப்புரத்து ஓட்டுநர் ஒருவரைக் காணச் சென்றோம். எண்பது வயதைக் கடந்த பெரியவர். பார்வை மங்கிவிட்டது. எஞ்சினைக் கையில் வாங்கி, முன்புறத்திலிருந்து விரல்களால் தடவிக்கொண்டே வந்தார்.

"பாய், இது நம்ம வண்டி இல்லையே" என்றார்.

நாம் திகைத்தோம். முன்புறத்தில் இருபக்கமும் பட்டறைக்காரர் வைத்திருந்த இரண்டு வட்டத் தாங்கிகளைத் தொட்டுக் காட்டினார். நம் மீட்டர் பாதை வண்டிகளுக்கு நடுவில் ஒரே தாங்கிதான். அதிலேயே இணைப்புக் கொக்கியும் அமைந்திருக்கும். இரண்டு தாங்கிகள் அகலப் பாதைக்கும் ஐரோப்பாவுக்கும் உரியவை. பேரனின் பழைய பொம்மையைப் பார்த்துப் பட்டறைக்காரர் அவ்வாறு செய்துவிட்டார். பெரிய சக்கரங்கள் சிறுத்துவிட்டதையும், தொட்டி வண்டிக்கு எட்டுச் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஆறே இருப்பதையும் பெரியவர் விரலாலேயே கண்டுபிடித்தார். கண்ணுடைய நாம் இவற்றில் ஒன்றையும் காணவில்லை.

அதன்பின் பேரனையும் அழைத்துக்கொண்டு, காட்சிக்காக நிறுத்தப்பட்டுள்ள ஓர் ஒய்.பி. எஞ்சினை அளக்கச் சென்றோம். அவன் அளவு நாடாவைப் பிடித்தான், நாம் எழுதினோம். உயரம், அகலம், சக்கர இடைவெளி, புகைபோக்கியின் விட்டம் என நாற்பதுக்கு மேற்பட்ட அளவுகள். ஒவ்வொன்றையும் 87ஆல் அவனே வகுத்தான். நான்கரை அடிச் சக்கரம் 16 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைந்தது. 19 மீட்டர் எஞ்சின் 22 செண்டிமீட்டரில் அடங்கிற்று. பள்ளியில் வகுத்தல் கணக்கு என்றால் ஓடி ஒளிபவன் அன்று மாலைவரை சலிக்கவில்லை. அக்குறிப்பேட்டைக் கொண்டு பட்டறைக்காரர் மீண்டும் செய்தார். இம்முறை பெரியவரின் விரல்கள் முன்னிருந்து பின்வரை சென்று நின்றன. "இதுதான்" என்றார். பிறகு நெடுநேரம் அதைத் திருப்பித் தரவில்லை.

எண் பலகை

ஒரே ஒரு குறை எஞ்சியது. ஒவ்வோர் எஞ்சினுக்கும் எண் உண்டு. அதைப் பொறிப்பதற்கெனப் பக்கவாட்டில் சிறு பித்தளைத் தகடு ஒன்றைப் பட்டறைக்காரர் ஒட்டியிருந்தார். "சாச்சா நன்னாவின் எஞ்சின் எண் என்ன?" என்று பேரன் கேட்டான்.

நமக்குத் தெரியவில்லை. பெரியவருக்கும் நினைவில்லை, விழுப்புரம் ஷெட்டில் பல எஞ்சின்கள் இருந்தன, முறைமாற்றி எல்லாவற்றிலும் சென்றோம் என்றார். அன்று மேடையில் நின்றபோது அந்தத் தகடு நம் கண்ணெதிரே பளிச்சிட்டது நினைவிருக்கிறது, எண் நினைவில்லை. 1990களில் நீராவி விடைபெற்றது. எஞ்சின்கள் பழைய இரும்பாய் உடைபட்டன. சாச்சா அதன்பின் பல ஆண்டுகள் நம்மோடு உயிரோடிருந்தார். வாரந்தோறும் ஜும்ஆவுக்குப் பின் நம் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தினார். ஒரு நாளேனும் நாம் கேட்கவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை முப்பதாண்டுகளாக மாணவர்க்குப் பாடம் நடத்தும் நாம், நம் இல்லத்துத் தொடரில் ஒரு கண்ணி அறுந்துபோவதைத் திண்ணையில் அமர்ந்தே பார்த்திருந்தோம்.

நாம் அளந்த எஞ்சினின் எண்ணைப் பொறித்துவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று பட்டறைக்காரர் யோசனை கூறினார். அது வேறோர் எஞ்சின். அதனைச் சாச்சாவின் எஞ்சின் என்பது பொய். அறிவித்தவரைத் தெரியாதபோது ஒரு பெயரைப் புனைந்து சேர்ப்பதை நாம் எந்தக் கிதாபிலும் ஏற்பதில்லை. பொம்மையில் மட்டும் ஏற்பது எப்படி? ஆகவே அந்தத் தகடு வெறுமையாகவே இருக்கிறது. அவ்வெஞ்சினுக்குத் தானே ஓடும் பொறியும் கிடையாது. பேரன் அதைக் கையால் தள்ளி 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுகிறான்.

அவன் எடுத்த குறிப்பேட்டை மட்டும் நாம் பத்திரப்படுத்தியிருக்கிறோம். அதன் முதல் பக்கத்தில், அளந்த நாள், அளந்தவர் பெயர், திருத்தியவர் பெயர் ஆகியவற்றை அவன் கையாலேயே எழுதவைத்தோம். இரண்டாம் பக்கத்தில், தன் தந்தை அந்நிய நாட்டில் என்ன பணி செய்கிறார், எந்தக் கருவியைக் கையாள்கிறார் என்பதை இப்போது கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறான்.

நேயர்களின் இல்லங்களிலும் தறியில், தோல் பதனிடும் தொட்டியில், பாய்மரக் கப்பலில், அச்சுக்கூடத்தில், இரயிலில் உழைத்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் திண்ணையில் அமர்ந்திருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அல்லாஹ் எம் சாச்சாவின் கப்றை ஒளிமயமாக்கி வைப்பானாக.